அத்தை போட்ட கணக்கும் நான் போட்ட மாத்திரையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது இரண்டாவது பிள்ளை வேண்டாம். ஆனால் ராதிகாவுக்கு உரித்து வைத்த மாதுளம்பழம் வேண்டும். இது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான். வயிற்றெரிச்சல் நியாயம் பார்த்துக்கொண்டா வருகிறது?

ராதிகா என் ஓரகத்தி. கொழுந்தன் சரவணனின் மனைவி. ஆறு மாதம் ஆகியிருந்தது அவளுக்கு. சாணார்பட்டிப் பக்கத்தில் எங்கள் வீடு. இரண்டு மகன்களும் இரண்டு மருமகள்களும் ஒரே அடுப்பு. வீட்டுக்குப் பின்னால் சம்பங்கித் தோட்டம். என் கணவர் முருகேசன் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஏற்றும் லாரி ஓட்டுகிறார். எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. சரவணனுக்குத் திண்டுக்கல்லிலேயே வேலை. சாயங்காலமானால் டாண் என்று வந்து நிற்பான், கையில் ஒரு பையோடு. பழநிப் பக்கம் போய் வந்தால் ஆயக்குடிக் கொய்யா. அய்யலூர்ச் சந்தை நாளானால் ஆட்டுக்கால். அதில் வைத்த சூப்பை அத்தை, அதாவது என் மாமியார், ஆற்றி, தம்ளரில் ஊற்றி, அவள் படுத்திருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். ஹாலில் இருந்த ஒரே டேபிள் ஃபேன் அவள் அறைக்குப் போய்விட்டது. நான் யாழினியை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன், யாராவது ஒருவராவது தெரிந்துகொள்ளட்டும்.

யாழினிக்கு இரண்டு வயது. ஆபரேஷன் செய்து பிறந்தவள். நான் பி.எட். கடைசி வருடம். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழகுகிற காலம். இன்னொரு பிள்ளையைப் படிப்பு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் அவரும் பேசி வைத்திருந்தோம். அத்தையிடம் சொல்லவில்லை. அவருக்குப் பேரன் வேண்டும். அதை வாரத்துக்கு ஒரு தரமாவது, மாட்டிடம் சொல்வதுபோல என் காதில் போடுவார்.

என் கணவர் திடீரென்று வருவார், விடிவதற்குள் போய்விடுவார். அப்படி ஒரு தடவை, பாதுகாப்பு எதுவும் இல்லாமல் போயிற்று. மறுநாளே அவசரக் கருத்தடை மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். எங்கள் ஊர் மருந்துக் கடைக்காரர் மாமனாருக்குப் பங்காளி முறை. அங்கே அதைக் கேட்பதும் ஒன்று, மைக் வைத்து ஊருக்குச் சொல்வதும் ஒன்று. அதனால் லோடு இறக்கப் போன வழியில் எங்கேயோ ஒரு கடையில் வாங்கினார். அடுத்த வாரமும் அதே கதை, அதே மாத்திரை. ஒரே மாதத்தில் இரண்டு. அதில் தப்பு இருப்பதாக எங்கள் இருவருக்கும் தெரியாது.

அந்த மாதம் விலக்காகும் தேதி வந்தது, போனது. ஒரு வாரமும் தாண்டியது.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டு விலக்கான பெண் சம்பங்கித் தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது. அந்தப் பூ மாரியம்மனுக்குப் போகிறது. ஆகவே எவளுக்கு எப்போது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. விடியற்காலை பூப் பறிக்க வராதவள் விலக்கு. அத்தைக்கு அது மனப்பாடம். எனக்குத் தேதி தாண்டியும் நான் கூடையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்க்கொண்டே இருந்தேன். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் என் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டு, "நீ குனியாத. ஓரமா நின்னு பறி போதும்," என்றார். எனக்குச் சந்தோஷம். என்ன கணக்குப் போடுகிறார் என்று எனக்குப் புரிந்தது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உள்ளுக்குள் பயமும் இருந்தது. மாத்திரை பலிக்காமல் போயிருந்தால்? சிறுநீரில் பார்க்கிற அந்த அட்டையை வாங்கிப் பார்த்திருக்கலாம். ஒரு குளியலறை, ஒரு குப்பைத்தொட்டி உள்ள வீட்டில் அதை எங்கே ஒளிப்பது என்று வாங்கவில்லை.

பிறகு ஒரு காலையில், தோட்டத்திலேயே, ஆரம்பித்தது. வழக்கமாக வருவதுபோல இல்லை. கட்டி கட்டியாக வந்தது. முழங்கால் வரைக்கும் வழிந்தது. கூடையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை ஓடி வந்தார், பார்த்தார், தலையில் கை வைத்தார்.

"போச்சே! என் மகன் வீட்டு வாரிசு போச்சே! நான் வாயத் தொறந்து ஒருத்தர்ட்டயும் சொல்லலையே, எவ கண்ணு பட்டுச்சோ!"

கரு கலைந்துவிட்டது என்று அத்தை முடிவுகட்டிவிட்டார். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் என்னைத் தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். அத்தையின் கை என் இடுப்பில் பட்டது கல்யாணமாகி வந்த பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்து நடந்ததை ராதிகா இன்றைக்கும் மறக்கவில்லை. கலைந்தவள் இருக்கிற வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கக்கூடாதாம். அன்று மத்தியானமே அவளை அய்யலூரில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. வளைகாப்புக்கு முன்னால், ஒரு மேளதாளம் இல்லாமல், ஆட்டோவில். போகும்போது என் அறை வாசலில் வந்து நின்றாள். அத்தை எனக்கு நாட்டுக்கோழி அடித்து மிளகுச்சாறு வைத்துக்கொண்டிருந்த வாசனை வீடு முழுக்க அடித்தது.

"உடம்பப் பாத்துக்கங்கக்கா," என்றாள். முகம் மட்டும் உர்ரென்று இருந்தது. எனக்கு அடித்த கோழியைத்தான் பார்த்துக்கொண்டு போனாள். அவளுக்கு என்மேல் பொறாமை! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வயிறு இடப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது, துணி நனைந்துகொண்டே இருந்தது, அதோடுதான் குளிர்ந்தது. ஃபேன் என் அறைக்கு வந்தது.

ஒரு வாரத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. கருப்பட்டிக் களி, நல்லெண்ணெய், சாறு. இரத்தம் மட்டும் நிற்கவில்லை. இரண்டு நாள் குறையும், மூன்றாம் நாள் திரும்பவும் கொட்டும். அவர் தொலைபேசியில், "சொல்லிரு கவிதா, ஆஸ்பத்திரிக்காவது போ," என்று கெஞ்சினார். "நீங்க வந்து சொல்லுங்களேன்," என்றேன். "லோடு இருக்கே," என்றார். அம்மாவிடம் பேசுவதென்றால் அவருக்கு எப்போதும் லோடு இருக்கும்.

ஒரு காலையில் குளியலறையில் கண் இருட்டிக்கொண்டு வந்து விழுந்தேன். யாழினியை என் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனார். அத்தை என்னைத் திண்டுக்கல்லுக்கு அழைத்துக்கொண்டு வந்தார்.

பெண்களுக்கான தனியார் மருத்துவமனை. காத்திருக்கும் இடத்தில் வரிசை வரிசையாக நாற்காலி, அத்தனையிலும் வயிறு. ஒவ்வொரு வயிற்றுக்குப் பக்கத்திலும் ஒரு புருஷன். ஒருவன் மனைவிக்கு இளநீர் பிடித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் அவள் கழற்றிய செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான், தொலைந்துவிடுமாம். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண், "எத்தன மாசங்கக்கா?" என்று கேட்டாள். ஒட்டன்சத்திரத்துப் பேச்சு. "ஒரு மாசமும் இல்ல," என்றேன். பாவம், அவள் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் அம்மாவிடம் அத்தையே எல்லாவற்றையும் சொன்னார். "தேதி தள்ளிப் போயிருந்துச்சுங்கம்மா. பொறவு கட்டி கட்டியா போயிருச்சு. மிச்சம் மீதி உள்ள தங்கியிருக்கும் போல. சுத்தம் பண்ணி விட்ருங்க."

சுத்தம் பண்ணுவதென்றால், மயக்கம் கொடுத்து, கர்ப்பப்பைக்குள் கருவி விட்டு எடுப்பது. டாக்டர் அம்மா அவசரப்படவில்லை. முதலில் ஸ்கேன் என்றார். பெண்ணுறுப்பு வழியாக மெல்லிய குழல் ஒன்றை உள்ளே விட்டுப் பார்க்கிற ஸ்கேன். கூச்சமாக இருக்கும், வலி அவ்வளவாக இல்லை. இதைப் படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "கர்ப்பப்பை காலியா இருக்கும்மா. அதுக்கு மூணு அர்த்தம் இருக்கு. ஒண்ணு, எல்லாம் வெளிய வந்திருச்சு. ரெண்டு, கருவே தங்கல. மூணு, கர்ப்பப்பையில இல்லாம கருக்குழாயில தங்கியிருக்கு. உனக்கு ஒரு பக்கமா வலிக்குதுங்கிற. சினைப்பை பக்கத்துல ஏதோ கட்டி மாதிரியும் தெரியுது. குழாயில தங்கியிருந்தா அது வெடிச்சு உள்ளயே ரத்தம் கசியும். உயிருக்கு ஆபத்து. அதனாலதான் கேக்குறேன். இந்த ரெண்டு மாசத்துல மாத்திரை ஏதாவது சாப்ட்டியா?"

அத்தை என் தலைமாட்டில் நின்றுகொண்டு என் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல," என்றேன்.

உயிருக்கு ஆபத்து என்று சொன்ன பிறகும் இல்லை என்று சொன்னேன். அந்தக் கை நெற்றியிலிருந்து போய்விடக்கூடாது, அவ்வளவுதான் அப்போது நினைப்பு.

இரத்தம் எடுத்தார்கள். கர்ப்பம் தங்கினால் இரத்தத்தில் ஒரு ஹார்மோன் ஏறுமாம். அதைப் பார்த்தால் உடம்பில் எங்கே கரு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். முடிவு வர மத்தியானமாகும் என்றார்கள். ஹீமோகுளோபின் ரொம்பக் குறைந்திருந்ததால் படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். நர்ஸ் ஒருத்தி வந்து, வலி கூடினாலோ, தலை சுற்றினாலோ, தோள்பட்டையில் வலித்தாலோ உடனே மணி அடிக்கச் சொன்னாள். தோள்பட்டை எதற்கு என்று கேட்டேன். உள்ளே இரத்தம் கசிந்தால் சில பேருக்கு அங்கே வலிக்குமாம். அதற்குப் பிறகு என் இரண்டு தோளும் வலித்துக்கொண்டே இருந்தன.

பயம் என்றால் அப்படிப் பயம். யாழினி ஞாபகம் வந்தது. மாத்திரை பலிக்காமல், கரு குழாயில் தங்கி, நான் செத்துப்போனால், அத்தை அழுவாரா, ராதிகாவின் பிள்ளைக்குத் தொட்டில் கட்டப் போய்விடுவாரா என்றுகூட நினைத்தேன். அவர் தொலைபேசியில் பாலக்காட்டைத் தாண்டி வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். மருத்துவமனைக்குக் கட்ட வேண்டியதை அங்கிருந்தே அனுப்பிவிட்டிருந்தார்.

அத்தை என் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டார். வெளியில் வாங்கிய இட்லியைப் பிட்டு ஊட்டினார். அப்போதுதான் சொன்னார்:

"ஒண்ணும் வெசனப்படாத. ஒடம்பு தேறுனதும் அடுத்த மாசமே தங்கிரும். ராதிகாவுக்கு வாங்குன குங்குமப்பூவுல பாதி மிச்சம் கெடக்கு. வாசன புடிக்கலன்னு வச்சிட்டுப் போயிட்டா. அத உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

"மிச்சமா?" என்றேன்.

"பாதி டப்பா இருக்குடி."

"அவ வேணாம்னு போட்ட மிச்சமா எனக்கு?"

"இதென்னடி வம்பாப் போச்சு! குங்குமப்பூ கெட்டா போயிரும்?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கையில் குத்தியிருந்த ஊசி இழுத்தது.

"எனக்கு ஒண்ணும் தங்க வேணாம்! எதுவும் கலையவும் இல்ல. நான் மாத்திரை போட்டேன். புள்ள தங்கக்கூடாதுன்னு போட்டேன். ரெண்டு தடவ போட்டேன். உங்க மகன்தான் வாங்கியாந்து குடுத்தாரு. போதுமா?"

அடுத்த கட்டில்காரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அத்தையின் கை என் பாதத்திலிருந்து விலகியது. கதவருகே டாக்டர் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"எப்ப போட்டம்மா? எத்தன நாள் எடவெளி?" என்றார், கடிந்துகொள்ளாமல். ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில், "இத காலையிலயே சொல்லியிருந்தா நீயும் நானும் இம்புட்டுப் பயந்திருக்க வேணாம். ரத்தப் பரிசோதனை வந்திருச்சு. கர்ப்பத்துக்கான ஹார்மோன் துளிகூட இல்ல. நீ கடைசியா மாத்திரை போட்டு மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, அதனால இத நம்பலாம். குழாயிலயும் இல்ல, எங்கயும் இல்ல," என்றார்.

நான் அழுதேன். அத்தை எழுந்து வெளியே போய்விட்டார்.

டாக்டர் அம்மா உட்கார்ந்து விளக்கினார். அதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். இந்த மாத்திரை கருவைக் கலைக்காது. முட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடும். ஏற்கெனவே தங்கிய கருவை ஒன்றும் செய்யாது. மாதம் முழுக்க மெல்ல மெல்ல ஏறி இறங்குகிற ஹார்மோன் சமாச்சாரத்தில் ஒரேயடியாகப் பெரிய அளவைக் கொண்டுவந்து கொட்டுவதால் கணக்குக் குழம்பும். சிலருக்கு இடையில் லேசாகத் திட்டுத் திட்டாகப் படும், சிலருக்கு விலக்கு முந்தும், சிலருக்குப் பிந்தும். பெரும்பாலும் அடுத்த மாதமே சரியாகிவிடும். நான் ஒரே மாதத்தில் இரண்டு போட்டதால் குழப்பம் கூடிவிட்டது. எனக்கு முன்பிருந்தே இரத்தசோகை வேறு. இடப்பக்க வலி சினைப்பையில் வந்த சின்ன நீர்க்கட்டி. தானாகக் கரைந்துவிடும், ஒன்றரை மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்க்கலாம்.

"ரத்தம் பட்டா மாத்திரை பலிச்சிருச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. படலன்னா பலிக்கலன்னும் அர்த்தம் இல்ல. தேதி ஒரு வாரத்துக்கு மேல தள்ளிப் போனா பரிசோதனை பண்ணிப் பாத்துரணும். மணிக்கு ஒரு துணி மாத்துற அளவுக்குப் போனாலோ, அடிவயிறு ஒரு பக்கமா சுருட்டி இழுத்தாலோ, மயக்கம் வந்தாலோ, கோழிச்சாறு குடிச்சுக்கிட்டு வீட்ல படுத்திருக்கக்கூடாது. உம் புருஷன் லாரிதான ஓட்டுறாரு? இந்த மாத்திரை ஸ்டெப்னி மாதிரி. ஸ்டெப்னிய மாட்டிக்கிட்டே தெனமும் கேரளா போவாரா? தேறி வா. காப்பர்-டி, ஊசி, தினசரி மாத்திரை, உனக்கு எது தோதோ அதப் பாக்கலாம்."

இரத்தம் நிற்க மாத்திரை கொடுத்தார்கள். இரும்புச்சத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார்கள். காபி நிறத்தில் இருக்கிறது அது. வாயில் பழைய ஆணியைச் சப்பியதுபோல ஒரு ருசி. அவர் வந்து சேர்ந்தார். லுங்கியோடு, தூங்காத கண்ணோடு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எங்க?" என்றுதான் முதலில் கேட்டார், பயத்தில். வராந்தாவில் போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று கேட்டேன். "நான்தான் வாங்கிக் குடுத்தேன்னு சொன்னேன்," என்றார். "அதுக்கு?" என்றேன். "ஒண்ணும் சொல்லல. மூணு கிலோ கோழின்னு மட்டும் சொன்னுச்சு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வயிறு வலித்தது.

மறுநாள் முழுக்க அத்தை என்னிடம் பேசவில்லை. வேளைக்குச் சோறு வந்தது. நர்ஸ் கூப்பிட்டால் எழுந்து போனார். என்னைப் பார்க்கவில்லை. என் கணவர் லாரியைப் பார்க்கப் போயிருந்த நேரம், சாயங்காலம், அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நான் தயாராக இருந்தேன்.

"அந்த மாத்திரை இப்பத்தான் வந்துச்சா?" என்றார்.

"இல்லத்தே. வந்து ரொம்ப வருசமாச்சாம்."

"சரவணன் பொறந்தப்ப இருந்துச்சா?"

"தெரியலத்தே."

அத்தை தன் முந்தானை நுனியை முறுக்கினார். "இருந்திருந்தாலும் எவ எனக்குச் சொல்லியிருப்பா," என்றார். "அவனப் பெத்த பொறவு எனக்கு ஒடம்புல ஒண்ணுமே இல்ல. உம் மாமனாரு வெளியூரு போயிட்டு வீட்டுக்கு வார அன்னிக்கெல்லாம் பயமாக் கெடக்கும். ஒவ்வொரு மாசமும் தேதி வார வரைக்கும் மாரியம்மன வேண்டிக்கிட்டே பூப் பறிப்பேன். அந்தாள்ட்ட வேணாம்னு ஒரு வார்த்த சொல்ல முடியுமா? நீ சொல்ற, எம் மகன் கடைகடையா ஏறி எறங்கி வாங்கிட்டு வாரான். குடுத்து வச்சவடி நீ."

கடைசி வரியை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பாராட்டு இல்லை அது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கொய்யாப் பையோடு சரவணன் உள்ளே வரும்போதெல்லாம் நான் பார்த்த பார்வை.

"அத்தே," என்றேன்.

அத்தை எழுந்து சாப்பாட்டுத் தூக்கை அடுக்கினார். முதுகைக் காட்டிக்கொண்டே, "ராதிகா புள்ள பெத்து வரட்டும். அவளயும் இந்த டாக்டரம்மாட்ட ஒரு தடவ கூட்டியாந்து எல்லாத்தையும் கேட்டுக்கச் சொல்லு. நான் சொன்னா நல்லா இருக்காது," என்றார்.

"சரி," என்றேன். மனசாரச் சொல்லவில்லை. இத்தனை இரத்தமும் பயமும் கொடுத்து நான் தெரிந்துகொண்டது அவளுக்குச் சும்மா கிடைக்கப்போகிறதே என்று, சத்தியமாக, அப்போதும் எனக்கு எரிந்தது. அத்தைக்கும் அப்படித்தானே எரிந்திருக்கும். அப்படி எரிந்தும் அவளுக்குச் சொல்லச் சொன்னார்.